களைக்கொத்தின் பிடி ஏன் குட்டையாக இருக்கிறது?

இடுப்பு வலி என்று போய் நின்றால் டாக்டர் மூன்று புத்திமதி சொல்வார். குனிந்து வேலை செய்யாதீர்கள். கனம் தூக்காதீர்கள். ரொம்ப நேரம் நிற்காதீர்கள். மூன்றும் நல்ல புத்திமதிதான். ஆனால் திண்டுக்கல் மாவட்டத்தில் இந்த மூன்றையும் யாரிடம் சொல்கிறோம்? வேடசந்தூர்ப் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் களை வெட்டும் பெண்ணிடம் குனியாதே என்கிறோம். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவரிடம் கனம் தூக்காதே என்கிறோம். கடைவீதி ஜவுளிக்கடையில் ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை சேலை விரித்துக் காட்டும் பெண்ணிடம் நிற்காதே என்கிறோம். மூவர் காதிலும் விழுவது, வேலையை விட்டுவிடு என்பதுதான். விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அது டாக்டருக்கும் தெரியும். ஆகவே மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். நோயாளி அதை விழுங்கிவிட்டு அதே காட்டுக்கு, அதே மார்க்கெட்டுக்கு, அதே கடைக்குத் திரும்புகிறார். வலியை உண்டாக்கியது எது என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

ஏன் வலிக்கிறது என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். "வாயு பிடிச்சிருக்கு தம்பி" என்பார்கள். "வயசாகுதுல்ல" என்பார்கள், வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. ஏழரைச் சனி என்பார் ஒருவர். எந்த ஜென்மத்துப் பாவமோ என்பார் இன்னொருவர். காலால் பிறந்தவரைத் தேடிப் பிடித்து இடுப்பில் உதைக்கச் சொன்னால் பிடிப்பு விடும் என்று நம்புகிறவர்கள் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் காரணங்களுக்கெல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு. எதுவுமே வேலை வாங்குகிறவருக்கு ஒரு ரூபாய் செலவு வைப்பதில்லை. வாயுவின் மீது வழக்குப் போட முடியாது. சனியிடம் ஸ்டூல் கேட்க முடியாது. கர்மவினை என்று ஒருவர் சொன்னவுடனே, அந்த வினையைச் செய்துகொண்டிருக்கும் உயிருள்ள மனிதர் தப்பித்துக்கொள்கிறார்.

மாரியம்மன் கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் செய்த கால் உருவத்தை வாங்கி உண்டியலில் போடும் அம்மாவைக் கேலி செய்கிற பகுத்தறிவு எனக்கு வேண்டாம். அவர் வலி நிஜம். அவர் கண்ணீரும் நிஜம். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுப் பதில் கிடைக்காத மனிதர், பதில் சொல்லாத இடத்தில் போய்க் கேட்கிறார். அவரை அங்கே அனுப்பியது அவருடைய அறியாமை மட்டும் இல்லை. நாம் அவருக்குப் பதில் சொல்லாமல் இருந்ததும்தான்.

1700-ஆம் ஆண்டில் இத்தாலியின் மோடெனா நகரில் பெர்னார்தினோ ராமசினி என்ற மருத்துவர் தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேருங்கள் என்றார் அவர்: நீ என்ன வேலை செய்கிறாய்? மலக்குழி சுத்தம் செய்கிறவர், குயவர், நெசவாளர், ரொட்டி சுடுகிறவர் என்று ஒவ்வொருவரும் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். ஓயாமல் ஒரே அசைவும், உடம்புக்குப் பொருந்தாத நிலையும் நோய் உண்டாக்கும் என்று எழுதி வைத்தார். முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம் ஓ.பி. சீட்டில் பெயரும் வயதும் இருக்கின்றன. தொழிலை எழுத வைக்கும் மருத்துவர் அரிது.

அந்தக் கேள்வியைத் திண்டுக்கல்லில் கேட்டால் என்ன கிடைக்கும்? பூட்டுப் பட்டறையில் சாவியின் பல்லை அரம் போட்டு ராவுகிறவருக்கு மணிக்கட்டும் தோளும். நாகல் நகரிலும் சின்னாளபட்டியிலும் குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கிற நெசவாளிக்கு இடுப்பும் முட்டியும். நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு மல்லிகை பறிக்கும் பெண்ணுக்குக் கழுத்தும் விரலும். நூற்பாலையில் ஷிப்ட் முழுக்க ரிங் பிரேமுக்கு முன்னும் பின்னும் நடக்கிற பெண்ணுக்குக் கெண்டைக்கால். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; நியாயமான பெருமை. ஆனால் இந்த ஊரின் பெருமை என்று நாம் வரிசைப்படுத்தும் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய குறிப்பிட்ட ஒரு மூட்டு தேய்ந்திருக்கிறது.

உடம்பைப் பற்றி அறிவியல் இன்று உறுதியாகச் சொல்வதை முதலில் பார்த்துவிடுவோம். அதில் பாதி, நம் ஊரில் புழங்கும் அறிவுரைக்கு நேர் எதிரானது.

உலகிலேயே மனிதரை அதிகமாக முடக்கிப் போடுவது இடுப்பு வலி. 2020-ல் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு அது இருந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு எலும்பு முறிவோ கட்டியோ கிருமியோ காரணமாக இருப்பதில்லை. ஸ்கேன் எடுத்து "ஜவ்வு தேஞ்சு போச்சு", "டிஸ்க் விலகிடுச்சு" என்று சொன்னதும் பலர் மனதளவில் பாதி ஊனமாகிவிடுகிறார்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. வலி துளியும் இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதத்தினருக்கும் வட்டுத் தேய்மானம் தெரிந்தது. தேய்மானம் தலை நரைப்பதைப் போன்ற ஒன்று. அதைப் பார்த்துப் பயந்து படுக்கையில் விழவேண்டியதில்லை.

படுத்துக் கிடந்தால் சரியாகும் என்பதும் தவறு. முடிந்தவரை நடமாடுகிறவர்தான் சீக்கிரம் தேறுகிறார். இடுப்பு பெல்ட் வலி வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 30,850 பேர் பங்கேற்ற 21 சோதனைகளைத் தொகுத்து 2016-ல் பார்த்தபோது, பெல்ட்டும் செருப்புக்குள் வைக்கும் அட்டையும் பயன் தரவில்லை. உடற்பயிற்சியும் அதோடு விளக்கமும் சேர்ந்தபோது வலி வரும் வாய்ப்பு 45 சதவீதம் குறைந்தது. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்த சோதனை 2024-ல் வெளியானது. இடுப்பு வலி வந்து குணமானவர்களைப் படிப்படியாக வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். நடந்தவர்களுக்கு வலி திரும்புவதற்கு இடைநிலைக் கணக்கில் 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள். நாள்பட்ட சாதாரண இடுப்பு வலிக்கு இழுவைச் சிகிச்சையும் பெல்ட்டும் வழக்கமாகத் தரவேண்டாம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. நம் நகரத்துக் கிளினிக்குகளில் இடுப்பில் கயிறு கட்டி எடை தொங்கவிடுவதற்கு வாங்கும் பணத்தை நினைத்துப் பாருங்கள்.

சில வலிகளை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், தொடை இடுக்கில் மரத்துப்போனால், காலில் பலம் குறைந்துகொண்டே வந்தால், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாயங்காலக் காய்ச்சலும் எடை இழப்பும் முதுகு வலியோடு சேர்ந்து வந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம். நம் நாட்டில் அது அபூர்வம் இல்லை, மருந்தில் குணமாகும். விழுந்து அடிபட்ட பிறகு வரும் வலி, புற்றுநோய் வந்து போனவருக்கு வரும் புது வலி, இவற்றையும் எண்ணெய் தேய்த்து ஆற்றக் கூடாது.

வலிக்கு இன்னொரு காரணமும் நம் சமவெளியில் உண்டு. மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருக்கிறது. காந்திகிராமப் பல்கலைக்கழகத்தார் உட்படப் பலர் அதை ஆய்ந்திருக்கிறார்கள். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும், வலிக்கும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். தெருவில் பாதிப் பேருக்கு முட்டி வலி, பிள்ளைகளுக்குப் பல்லில் கறை என்றால் அங்கே சனியைத் தேடாமல் போர்வெல் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அந்த வலிக்கு ஊராட்சிதான் மருந்து தரவேண்டும்: ஆற்று நீர் வரும் குழாய்.

சரி, நடப்பது நல்லது, உடற்பயிற்சி நல்லது என்றால், நாள் முழுக்கக் காட்டில் பாடுபடுகிறவருக்கு வலி ஏன் வருகிறது? படித்தவர்கள் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். "அந்தக் காலத்துல உடல் உழைப்பு இருந்துச்சு, நோயே இல்ல" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் கூன் விழுந்த கிழவிகள் எத்தனை பேர் என்பதை மறந்துவிடுகிறார்கள். உடற்பயிற்சி என்பது வேண்டியபோது தொடங்கி, வேண்டியபோது நிறுத்தி, மாற்றி மாற்றிச் செய்வது. கூலிவேலையில் நிறுத்தும் உரிமை இல்லை, மாற்றும் உரிமை இல்லை. ஒரே அசைவு, ஒரே நிலை, மணிக்கணக்கில். 1999-ல் ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரின் முதுகு வட்டுக்குள்ளேயே உணர்கருவி வைத்து அளந்து பார்த்தார்கள். நிமிர்ந்து நிற்கும்போது இருந்த அழுத்தம், முன்னால் குனிந்தபோது இரண்டு மடங்கைத் தாண்டியது. ஒருமுறை குனிவதால் ஒன்றும் ஆகாது. உடம்பு குனியத்தான் படைக்கப்பட்டிருக்கிறது, எழவும்தான். எழ விடாமல் குனிய வைப்பதுதான் கேடு.

ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கி வைத்தது. உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு அது நல்ல காரியம், நடங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். அதைவிட நல்ல காரியம். ஆனால் அவர் வந்து பயிற்சி சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலையில் அந்த அம்மா கையில் எடுக்கும் கருவியை யார் பார்ப்பது?

நம் காடுகளில் பெண்கள் கையில் இருக்கும் களைக்கொத்தை எடுத்துப் பாருங்கள். பிடி ஒரு முழம் இருந்தால் அதிகம். குந்தி உட்கார்ந்தோ முதுகை மடக்கியோதான் அதைப் பிடிக்க முடியும். ஆண்கள் பிடிக்கும் மண்வெட்டிக்கு இதைவிட நீளமான பிடி இருக்கிறது. ஏன் இப்படி?

இதே கேள்வியை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கேட்டார்கள். அங்கே லெட்டூஸ் கீரை, சர்க்கரை பீட் காடுகளில் மெக்சிகோ நாட்டு வழிவந்த கூலிகள் கையில் இருந்ததும் குட்டைப் பிடிக் கொத்துதான். பிடி அதிகம் போனால் 2 அடி. காலை முதல் மாலை வரை வில்லாய் வளைந்து வெட்ட வேண்டும். விவசாயத் தொழிலாளர்களின் தலைவர் சேசர் சாவேஸ் இளமையில் அந்தக் கொத்தைப் பிடித்தவர். ஆயுள் முழுக்க முதுகு வலியோடு வாழ்ந்தார். தொழிலாளர்களுக்கு இலவச சட்ட உதவி செய்யும் வழக்கறிஞர்கள் இதை எடுத்துக்கொண்டு போராடினார்கள். இந்தக் கருவி முதுகெலும்பை நிரந்தரமாகக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். பண்ணை முதலாளிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? நீளப் பிடி கொடுத்தால் பயிரை வெட்டிவிடுவார்கள், வேலை சுத்தமாக இருக்காது, கட்டுப்படியாகாது. உண்மையில் குட்டைப் பிடிக்கு வேறொரு வசதி இருந்தது. காட்டு ஓரத்தில் நிற்கும் மேஸ்திரி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடலாம்: குனிந்திருப்பவர் வேலை செய்கிறார், நிமிர்ந்தவர் நிறுத்திவிட்டார். பிடியின் நீளம் மேற்பார்வைக்காக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 1975 ஜனவரியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தொழிலாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது; அந்த ஆண்டே குட்டைப் பிடி தடை செய்யப்பட்டது. பயிர் அழியவில்லை. பண்ணைகள் மூடப்படவில்லை. பிறகு சில முதலாளிகள் கருவியே கொடுக்காமல் வெறுங்கையால் களை பிடுங்க வைத்தார்கள்; 2004-ல் அதற்கும் வரம்பு போட்டு, கையால் எடுத்தே ஆகவேண்டிய இடத்தில் கூடுதல் ஓய்வு தரவேண்டும் என்று விதி செய்தார்கள்.

கலிபோர்னியாவில் சொன்ன அதே பதிலை இங்கேயும் கேட்கலாம். "நீளப் பிடி வச்சா வெங்காயத்தையும் சேத்து வெட்டிருவாங்க." சின்ன வெங்காயம் நெருக்கமாக நடும் பயிர் என்பது உண்மைதான். செடிக்குச் செடி இடுக்கில் கை போகத்தான் வேண்டும். ஆனால் பாருக்கு நடுவே, வாய்க்கால் ஓரத்தில், சோளக் காட்டில், பருத்தியில், கடலையில் என்ன தடை? நின்றபடியே களை எடுக்கும் நீளப் பிடிக் கருவிகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எப்போதோ உருவாக்கிவிட்டது. ஒரு மணி நேரம் நின்று வெட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பிடுங்கு, பிறகு ஆளை மாற்று என்று வேலையைப் பிரிக்கலாம். பிரிக்காததற்குக் காரணம் பயிர் இல்லை. களையெடுப்பு பெண்கள் வேலை. ஆணுக்குக் கொடுக்கும் கூலியைவிட அவர்களுக்குக் குறைவாகத்தான் கொடுக்கிறோம். அவர்கள் முதுகுக்கும் அதே விலைதான் வைத்திருக்கிறோம்.

இந்த நாட்டில் குனிவது வெறும் உடல் அசைவாக இருந்ததில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதுகை வளைத்து நின்றால்தான் மரியாதை என்று ஒரு பெருங்கூட்டத்துக்கு நூற்றாண்டுகளாகக் கற்பித்தார்கள். அதை எதிர்த்துத்தான் 1925-ல் சுயமரியாதை இயக்கம் தொடங்கியது. உடல் வருந்தும் வேலைகளை இயந்திரம் செய்யும் காலம் வரவேண்டும், வரும் என்று பெரியார் 'இனிவரும் உலகம்' நூலில் பேசினார். அவருக்குக் கைதட்டிய நம் வீடுகளில் விளக்குமாற்றுக்கு இன்னும் பிடி இல்லை. தெரு கூட்டும் தூய்மைப் பணியாளருக்குக் கம்பு கட்டிய துடைப்பம் கொடுத்தால் போதும் என்று நமக்குத் தெரிகிறது. வீட்டில் பெருக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் வேலைக்கு வரும் அக்காவுக்கும் அது தேவை என்று தோன்றுவதில்லை. வீட்டு ஆண் ஒரு மாதம் தொடர்ந்து பெருக்கித் துடைத்தால் பிடி தானாக நீண்டுவிடும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நிற்பதற்கு வருகிறேன். நின்றுகொண்டே வேலை செய்யும் தொழிலாளி, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்து தரவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. கடைகளுக்கு அது பொருந்தவில்லை. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி என்பவர் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி, கடைப் பெண்களுக்குக் கழிப்பறையும் இருக்கையும் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-ல் திருத்தியது. இன்று நம் மாநிலத்தில் கடைப் பணியாளருக்கு உட்காரும் உரிமை சட்டப்படி உண்டு. திண்டுக்கல் கடைவீதியில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, உங்களுக்குச் சேலை காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர் அதில் உட்கார அனுமதி உண்டா என்று கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் முதலாளிக்குக் காது கேட்கும்.

நம் மாநிலத்து ஆயத்த ஆடை ஆலைகளைப் பற்றி 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு செய்தி வெளியிட்டது. சுமார் 100 பெண்களிடம் பேசியிருந்தார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் ஓய்வு கிடைக்கவில்லை. பெயரும் காலாவதித் தேதியும் அச்சிடாத மாத்திரை கிடைத்தது. மருத்துவர் கொடுக்கவில்லை, மேற்பார்வையாளர் கொடுத்தார். பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் அதனால் தங்கள் உடல்நலம் கெட்டது என்றார்கள். தையல் எந்திரம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஒரு பெண்ணின் உடம்புக்குள் மாத்திரை போடுவதை வைத்தியம் என்று எந்த அறநூலும் ஏற்காது.

வலி மாத்திரையை நான் பழிக்கவில்லை. அளவோடு, சில நாளுக்கு, மருத்துவர் சொல்லி எடுத்தால் அது வரம். மருந்துக் கடையில் "உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று தினம் வாங்கி விழுங்குவதுதான் ஆபத்து. பொட்டலத்தில் என்ன இருக்கிறது, அதில் ஸ்டீராய்டு உண்டா என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் வயிற்றில் புண் உண்டாக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவருக்கு இந்தக் கடைசி ஆபத்து இன்னும் அதிகம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்கால், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இந்தியா முழுக்க மடிந்தன; 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தை அரசு தடுத்தது. கழுகுக்காகக் காட்டிய அந்த அக்கறையை, வெறும் வயிற்றில் அதை விழுங்கிவிட்டுக் காட்டுக்குப் போகிற அப்பத்தாவுக்கும் காட்டுவோம்.

சுமையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முட்டியை மடக்கித் தூக்கு, முதுகை நேராக வை என்று சொல்லிக்கொடுப்பது மட்டும் முதுகு வலியைத் தடுப்பதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. மூட்டையின் எடைதான் பிரச்சினை. வயதுவந்த ஓர் ஆண் கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அதுவும் பெரிய எடைதான். மூட்டையைச் சிறிதாகத் தைப்பது, லாரித் தட்டு உயரத்துக்கு மேடை கட்டுவது, தள்ளுவண்டி வைப்பது எல்லாம் சந்தை நடத்துகிறவர்கள் ஒரு கூட்டத்தில் முடிவு செய்யக்கூடிய காரியங்கள். சும்மாட்டை நம்பியே இன்னொரு தலைமுறையை வளர்க்க வேண்டுமா?

பேசினால் மாறுமா என்று கேட்பவர்களுக்கு இந்த மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2021 ஜனவரியில் இங்குள்ள ஓர் ஆடை ஆலையில் வேலை செய்த இளம்பெண் கொல்லப்பட்டார். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022-ல் ஆலை நிர்வாகமும் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் பாலியல் தொல்லையையும் வன்முறையையும் ஒழிக்கும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. உலகம் அதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே அழைக்கிறது. அதன்படி வேலைத்தளத்திலேயே பயிற்சி பெற்ற பெண்கள் கண்காணிப்பாளர்களாக இருந்து புகாரை எடுத்துச் சொன்னார்கள். பயமில்லாமல் வாய் திறக்க முடிகிற இடத்தில்தான் "எனக்கு இடுப்பு வலிக்கிறது, உட்கார வேண்டும்" என்ற வாக்கியமும் பிறக்கும். அடக்குமுறை இருக்கும் இடத்தில் யோகா வகுப்பு வைத்துப் பயனில்லை.

இந்தக் கட்டுரையைப் படிக்கிற உங்களுக்குச் சொந்தக் காடு இருக்கலாம், கடை இருக்கலாம், பட்டறை இருக்கலாம், குறைந்தது ஒரு வீடாவது இருக்கும். டாக்டராக இருந்தால் ஓ.பி. சீட்டில் தொழிலை எழுதுங்கள். மருந்துக் கடைக்காரராக இருந்தால் பொட்டலம் கட்டிக் கொடுப்பதை நிறுத்துங்கள். வேளாண் அதிகாரியாக இருந்தால் நீளப் பிடிக் கருவியைக் கண்காட்சியில் வைத்ததோடு விடாமல் மகளிர் குழுக்களுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். காடு வைத்திருப்பவராக இருந்தால், மாங்காய்ப் பூட்டின் நுணுக்கத்தையே கையால் செய்கிற இரும்பு வேலைக்காரர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அடுத்த களையெடுப்புக்கு முன்னால் அவர்களிடம் போய் நீளப் பிடி போட்ட கொத்து செய்யச் சொல்லுங்கள். பிடி எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை, அதைப் பிடிக்கப் போகிற பெண்ணைக் கூட்டிப்போய் அவரையே சொல்ல வையுங்கள்.